பி.கே. ரோசியின் வாழ்வும் பார்வையாளரின் சாதிநோக்கும்

ஆய்வுச்சுருக்கம்

மலையாளத்தின் முதல் கதைப்படமான விகதகுமாரனின் நாயகி பி.கே. ரோசி. புலையர் சமூகத்தில் பிறந்த அவர் அப்படத்தில் நாயர் குலப் பெண்ணாகத் தோன்றினார். அதன் பொருட்டுத் திருவனந்தபுரத்துப் பார்வையாளரின் வன்முறைக்கு உள்ளாகி, ஊர் நீங்கி, நாகர்கோவிலில் இராஜம்மாள் என்னும் பெயரில் வாழ்ந்து மறைந்தார். அவரது வாழ்வை நிரல்படக் கூறும் இக்கட்டுரை, அன்றைய பார்வையாளரின் சினம் எதன்மீது எழுந்தது என்பதை ஆராய்கிறது. உயர்ந்தவர் தாழ்ந்தவராக வேடம் புனைவதைக் கலையாக ஏற்ற கண்கள், தாழ்த்தப்பட்டவர் உயர்ந்தவராக வேடம் புனைவதைக் குற்றமாகக் கண்டன என்பதே இக்கட்டுரையின் கருதுகோள். அமெரிக்கக் கறுப்பினக் கலைஞர்கள் அடைந்த அனுபவங்களும் தமிழில் வந்த நந்தனார் படங்களும் ஒப்பீட்டுச் சான்றுகளாகக் கொள்ளப்படுகின்றன.

திறவுச்சொற்கள்: பி.கே. ரோசி, ஜே.சி. டேனியல், விகதகுமாரன், சாதி, வேடம், பார்வையாளர், கறுப்பினத் திரைப்படம், நந்தனார்.

முன்னுரை

திரைப்பட வரலாறு பெரும்பாலும் படைப்பாளரின் வரலாறாகவே எழுதப்பட்டு வந்துள்ளது. இயக்குநர், தயாரிப்பாளர், நடிகர் ஆகியோரின் பெயர்கள் பதிவாகின்றன. அரங்கில் அமர்ந்து கண்டவர்கள் எண்ணிக்கையாக மட்டுமே எஞ்சுகின்றனர். ஆயினும் ஒரு கலைஞரின் வாழ்வைப் பார்வையாளரே முடித்துவைத்த நிகழ்வுகளும் உண்டு. அத்தகைய நிகழ்வுகளுள் தென்னிந்தியாவில் மிகக் கொடியது ரோசிக்கு நேர்ந்தது. அவரது கலைவாழ்வைப் பார்வையாளரை நீக்கிவிட்டு எழுத இயலாது.

ரோசியின் வாழ்வு தமிழாய்வுக்குரிய பொருளாவதற்குக் காரணங்கள் சில உள்ளன. அவரை நாயகியாக்கிய டேனியல், அகஸ்தீஸ்வரத்தில் பிறந்த தமிழர். ரோசி பயின்ற நாட்டார் நாடகம் தமிழும் மலையாளமும் கலந்த மொழியில் அமைந்தது. அவர் தம் வாழ்வின் பிற்பகுதி முழுவதையும் கழித்த நாகர்கோவில், 1956 முதல் தமிழ்நாட்டின் பகுதி. எனவே இவ்வரலாற்றின் சரிபாதி தமிழ் நிலத்தில் நிகழ்ந்தது எனலாம்.

பிறப்பும் காலச்சூழலும்

ரோசி 1903ஆம் ஆண்டில் திருவனந்தபுரத்தை அடுத்த நந்தன்கோட்டில் பிறந்தார். இராஜம்மா என்பது அவரது இளமைப்பெயர். குடும்பம் வறுமையில் உழன்றது. இளமையிலேயே தந்தையை இழந்த அவர், புல்லறுத்து விற்றும் கூலிவேலை செய்தும் வாழ்ந்தார்.

அவர் வளர்ந்த திருவிதாங்கூரில் சாதி என்பது உடலின்மீது எழுதப்பட்டிருந்தது. யார் எந்த வழியில் நடக்கலாம், எவ்வளவு தொலைவில் நிற்கவேண்டும், எதை உடுத்தலாம், எதை அணியலாம் என்பனவெல்லாம் வழக்கத்தாலும் அரசாணையாலும் வரையறுக்கப்பட்டிருந்தன. பத்தொன்பதாம் நூற்றாண்டில் நாடார் பெண்கள் மேலாடை அணியும் உரிமைக்காக நடத்திய தோள்சீலைப் போராட்டம் இதற்குத் தக்க சான்று. 1859இல் அவர்களுக்கு மேலாடை அனுமதிக்கப்பட்டது. ஆனால் உயர்சாதிப் பெண்கள் உடுத்தும் முறையில் உடுத்தலாகாது என்னும் கட்டுப்பாடு அவ்வாணையிலேயே இடம்பெற்றது. உடலை மறைப்பதற்கு இசைந்த அரசு, உயர்ந்தவரைப் போலத் தோன்றுவதற்கு இசையவில்லை. ரோசிக்கு நேர்ந்ததை விளங்கிக்கொள்ள இந்நுட்பம் இன்றியமையாதது.

புலையர் சமூகத்தில் அய்யன்காளி (1863–1941) நடத்திய போராட்டங்களும் இக்காலத்தனவே. 1893இல் அவர் தடைசெய்யப்பட்ட பொதுவழியில் வில்வண்டியில் சென்றார். 1907இல் சாதுஜன பரிபாலன சங்கத்தை நிறுவினார். 1915இல் கொல்லம் பகுதியில், தம் இழிவின் அடையாளமாகச் சுமத்தப்பட்ட கல்மாலைகளைப் புலையர் பெண்கள் கழற்றி எறிந்தனர். அப்போது ரோசிக்கு வயது 12. புலையர் சிறுமி ஒருத்தி நுழைந்தாள் என்பதற்காக ஊரூட்டம்பலம் பள்ளிக்குத் தீவைக்கப்பட்டதும் அப்பத்தாண்டுகளில்தான். கோயில் நுழைவு உரிமைப் பேரறிக்கை 1936இல்தான் வந்தது. ரோசி திரையில் தோன்றியபோது அவர் இனத்தார்க்குக் கோயில் வாயில் திறக்கப்படவில்லை.

காக்காரிசி மேடை

ரோசியின் கலைப்பயிற்சி காக்காரிசி நாடகத்தில் தொடங்கியது. திருவனந்தபுரம் சுற்றுவட்டாரத்தில் வழங்கிய இந்நாட்டார் நாடகம், குறிசொல்லித் திரியும் காக்காலனும் அவன் மனைவியரும் தோன்றும் நகைச்சுவை நிகழ்த்துகலையாகும். பாட்டும் ஆட்டமும் உரையாடலும் தமிழும் மலையாளமும் விரவி வரும். பெண் வேடங்களையும் ஆண்களே ஏற்றுவந்த அம்மேடையில் ரோசி பெண்ணாகவே தோன்றி நடித்தார். வேலைக்கிடையே நாடகம் பயின்று, பின்னர் நாடகக் குழுவினரோடு சேர்ந்து நடித்துப் பெயர் பெற்றார்.

பெண் மேடையேறுவதே இழிவெனக் கருதப்பட்ட காலம் அது. 1913இல் தாதாசாகேப் பால்கே எடுத்த ராஜா ஹரிச்சந்திரா படத்தில் அரசியின் வேடத்தை ஏற்றவரும் ஓர் ஆணே. ஆயினும் காக்காரிசி மேடையில் ரோசி தோன்றியது கலவரத்துக்கு வழிவகுக்கவில்லை. அங்கு அவர் ஏற்றது ஊரூராகத் திரியும் குறத்தியை ஒத்த எளிய பெண்ணின் வேடம். சமூகம் அவருக்கு ஒதுக்கிய இடத்திற்கும் மேடை அவருக்கு அளித்த இடத்திற்கும் முரண் எழவில்லை. கூத்தில் ஒடுக்கப்பட்டவர் நடிப்பதை அன்றைய சமூகம் பொறுத்துக்கொண்டது. எந்த வேடத்தில் நடிக்கிறார் என்பதே சிக்கலாயிற்று.

டேனியலும் விகதகுமாரனும்

ஜோசப் செல்லையா டேனியல் (1900–1975) அகஸ்தீஸ்வரத்தில் செல்வம் மிக்க கிறித்தவ நாடார் குடும்பத்தில் பிறந்தவர். திருவனந்தபுரத்தில் கல்வி கற்றார். களரிப்பயிற்சியில் ஈடுபாடு கொண்டு, வாட்போர்க்கலை குறித்து ஆங்கிலத்தில் நூல் எழுதினார். அக்கலையை உலகறியச் செய்யும் கருவியாகவே முதலில் திரைப்படத்தை நாடினார். சென்னையிலும் பம்பாயிலும் படத்தொழிலை நேரிற்கண்டு பயின்றார். பின்னர்க் குடும்ப நிலத்தை விற்ற பொருளைக்கொண்டு 1926இல் திருவனந்தபுரம் பட்டத்தில் திருவிதாங்கூர் நேஷனல் பிக்சர்ஸ் நிறுவனத்தைத் தொடங்கினார்.

விகதகுமாரன் என்பதற்குக் காணாமற்போன மகன் என்பது பொருள். செல்வர் வீட்டு மகன் கடத்தப்பட்டு இலங்கைக்குக் கொண்டுசெல்லப்படுகிறான். அங்கே தேயிலைத் தோட்டத் தொழிலாளியாக வளர்ந்து உயர்நிலை அடைகிறான். இறுதியில் குடும்பத்தோடு சேர்கிறான். புராணக்கதைகளே பேசாப்படங்களாக வந்த நாளில் சமகால வாழ்க்கையைக் கதையாகக் கொண்டமை இப்படத்தின் சிறப்பு. எழுத்து, இயக்கம், ஒளிப்பதிவு, நாயக நடிப்பு ஆகிய அனைத்தையும் டேனியலே ஏற்றார்.

நாயகியைத் தேடுவதே கடினமாயிற்று. பம்பாயிலிருந்து வரவழைக்கப்பட்ட நடிகை ஒருவர் வசதிகள் போதா எனக் கூறித் திரும்பிச் சென்றார். அதன் பின்னரே காக்காரிசி மேடையில் நடித்துவந்த ரோசி தேர்ந்தெடுக்கப்பட்டார். நாள் ஒன்றுக்கு 5 ரூபாய் கூலியில் 10 நாட்கள் நடித்தார் என்று பதிவாகியுள்ளது. கையில் உணவு கொண்டுவந்து, படப்பிடிப்பு முடிந்ததும் நடந்து வீடு திரும்பும் கூலித்தொழிலாளியாகவே அவர் நடந்துகொண்டார் என்பர். அவர் ஏற்றது சரோஜினி என்னும் நாயர் குலப் பெண்ணின் வேடம்.

முதற்காட்சி

திருவனந்தபுரம் கேபிடல் அரங்கில் படம் முதன்முதலாகத் திரையிடப்பட்டது. 1928 நவம்பர் 7 என்று முன்னைய நூல்களும், 1930 அக்டோபர் 23 என்று அக்கால அச்சுச் சான்றுகளை ஆராய்ந்த பின்னையோரும் அந்நாளைக் குறிப்பர். வழக்கறிஞர் மள்ளூர் கோவிந்தபிள்ளை தொடங்கிவைத்தார். நகரத்துப் பெருமக்கள் அழைக்கப்பட்டனர். நாயகி அழைக்கப்படவில்லை. அவர் அரங்கினுள் அமர்ந்தால் தாங்கள் அமரமுடியாது என்னும் பெருமக்களின் நிலைப்பாடே காரணம் எனப் பதிவுகள் கூறுகின்றன. தம் முகம் திரையில் தோன்றுவதைக் காணும் உரிமை முதல்நாளிலேயே அவருக்கு மறுக்கப்பட்டது.

நாயர் பெண்ணாகப் புலையப் பெண் தோன்றியதும் அரங்கில் கூச்சல் எழுந்தது. நாயகன் நாயகியின் கூந்தலில் உள்ள மலரை முத்தமிடும் காட்சியில் சினம் உச்சம் அடைந்தது. திரையை நோக்கிக் கற்கள் பறந்தன. திரை கிழிந்தது. அரங்கில் தொடங்கிய வன்முறை அங்கேயே நிற்கவில்லை. ரோசியின் குடிசை தாக்கப்பட்டுத் தீக்கிரையானது. அவர் உயிர்பிழைக்க ஊரை விட்டு ஓடினார். நாகர்கோவில் நோக்கிச் சென்ற சரக்குந்து ஒன்று அவரை ஏற்றிச்சென்றது.

இதே படம் ஆலப்புழையிலும் திரையிடப்பட்டது. அங்கு இத்தகைய வன்முறை நிகழவில்லை. வரவேற்பும் ஓரளவு நன்றாகவே இருந்தது. படமும் நடிப்பும் காட்சியும் மாறவில்லை. மாறியவை அரங்கும் அரங்கில் இருந்தோரும் மட்டுமே. எனவே திருவனந்தபுரத்து எதிர்வினையைப் படத்தின் குறைபாட்டால் விளைந்ததெனக் கொள்ள இடமில்லை.

இங்கு ஓர் உண்மை கருதத்தக்கது. கறுப்பு வெள்ளைப் பேசாப்படத்தில் சாதியைக் காட்டும் தடயம் எதுவும் இல்லை. பேச்சு இல்லாமையால் வட்டார வழக்கோ சாதி வழக்கோ வெளிப்படாது. உடையும் அணியும் நாயர் குலத்துக்குரியவை. திரையில் இருந்தது நாயர் பெண்ணின் உருவமே. அதில் புலையப் பெண்ணைக் கண்டவர்கள், அரங்குக்கு வெளியே அறிந்த செய்தியை உள்ளே கொண்டுவந்து கண்டனர். திரை மறைத்ததைப் பார்வையாளரின் அறிவு வெளிப்படுத்தியது. அவ்வுடையை அவ்வுடல் அணியலாகாது என்னும் 1859ஆம் ஆண்டுக் கட்டுப்பாட்டின் நீட்சியாகவே அக்கல்லெறியைக் கொள்ளவேண்டும்.

கறுப்பினத் திரைப்படங்களோடு ஒப்பீடு

இதே காலத்தில் அமெரிக்கத் திரையரங்குகளிலும் இத்தகைய தடைகள் நிலவின. கறுப்பின இயக்குநர் ஆஸ்கர் மிஷோ 1919 முதல் கறுப்பினக் கலைஞரைக் கொண்டு, கறுப்பினப் பார்வையாளருக்காகப் படங்களை எடுத்தார். வெள்ளையர் அரங்குகள் அவற்றுக்குப் பெரும்பாலும் மூடியே இருந்தன. 1929இல் பெருநிறுவனமான எம்.ஜி.எம். முழுவதும் கறுப்பினக் கலைஞரைக் கொண்டு ஹல்லேலூயா என்னும் படத்தை வெளியிட்டது. நியூயார்க்கில் அதன் முதற்காட்சி இரண்டு அரங்குகளில் ஒரே நாளில் நிகழ்ந்தது. ஒன்று நகரத்தின் நடுப்பகுதியில். மற்றொன்று கறுப்பினத்தார் வாழும் ஹார்லமில். கறுப்பினப் பார்வையாளரை வெள்ளையரிடமிருந்து விலக்கி நிறுத்தும் ஏற்பாடு இது என்று கண்டனம் எழுந்தது.

ரோசியின் நிலைக்கு மிக அணித்தாக நிற்பது ஹாட்டி மக்டானியலின் அனுபவம். கான் வித் த விண்ட் படத்தில் நடித்த அவர், 1939 டிசம்பரில் அட்லாண்டாவில் நடந்த முதற்காட்சியில் கலந்துகொள்ள இயலவில்லை. அம்மாநிலத்தின் இனப்பிரிவினைச் சட்டம் அதற்குத் தடையாயிற்று. 1940இல் ஆஸ்கர் விருது பெற்ற நாளிலும் தனி மேசையிலேயே அமர்த்தப்பட்டார். பாடகியும் நடிகையுமான லீனா ஹார்னின் பாடற்காட்சிகள், தென்மாநில அரங்குகளில் வெட்டி நீக்குவதற்கு ஏற்றவாறு கதையோடு ஒட்டாமல் அமைக்கப்பட்டன. பார்வையாளரின் வெறுப்பு அங்குப் படத்தொகுப்பின் விதியாகவே மாறியது.

இவ்விரு சூழல்களுக்கும் பொதுவாக ஒரு விதி உண்டு. வெள்ளை நடிகர் முகத்தில் கரி பூசிக் கறுப்பினத்தவராக நடிப்பது அமெரிக்காவில் நெடுங்கால மரபு. 1927இல் வந்த ஜாஸ் சிங்கர் படத்தில் அல் ஜோல்சன் அவ்வாறே தோன்றிப் பாடிப் பெரும்புகழ் பெற்றார். தமிழில் இதனை ஒத்த நிலையை நந்தனார் படங்களில் காணலாம். 1935இல் கே.பி. சுந்தராம்பாளும் 1942இல் எம்.எம். தண்டபாணி தேசிகரும் நந்தனாராக நடித்தனர். இருவரும் ஒடுக்கப்பட்ட சமூகத்தினர் அல்லர். அவர்கள் புலைப்பாடிப் பெருமகனாக வேடம் புனைந்தது பக்தியாகவும் கலைத்திறனாகவும் போற்றப்பட்டது. மேலிருந்து கீழ்நோக்கிப் புனையப்படும் வேடம் கலையாகிறது. கீழிருந்து மேல்நோக்கிப் புனையப்படும் வேடம் அத்துமீறலாகிறது. முன்னதில் வேடம் கலைந்ததும் நடிகர் தம் உயர்நிலைக்குத் திரும்பிவிடுவார் என்னும் உறுதி பார்வையாளருக்கு உண்டு. பின்னதில் வேடத்துக்கும் மெய்க்கும் வேறுபாடு இல்லையோ என்னும் அச்சம் எழுகிறது. புலையப் பெண் நாயர் பெண்ணாகப் பிழையின்றித் தோன்ற முடியுமெனில், சாதி என்பதே ஒரு வேடம்தானோ என்னும் வினா அரங்கில் எழுந்துவிடும். கல்லெறி அவ்வினாவுக்கு அளிக்கப்பட்ட விடை.

வேறுபாடும் ஒன்று உண்டு. அமெரிக்காவில் கறுப்பினத்தாருக்கெனத் தனி அரங்குகளும் இதழ்களும் இயக்குநர்களும் இருந்தனர். இழிவுக்கு எதிராகக் கூடிக் குரல்கொடுக்க ஒரு பார்வையாளர் திரள் இருந்தது. ரோசிக்காகக் கேபிடல் அரங்கில் குரல்கொடுக்க அத்தகைய திரள் இல்லை. அவர் இனத்தார் அவ்வரங்கில் அமரும் நிலையே அன்று உருவாகவில்லை.

நாகர்கோவில் வாழ்வு

திருவனந்தபுரத்திலிருந்து ஏறத்தாழ 65 கி.மீ. தொலைவில் உள்ள நாகர்கோவிலில் ரோசியின் இரண்டாம் வாழ்வு தொடங்கியது. சரக்குந்து ஓட்டுநரான கேசவபிள்ளையை அவர் மணந்தார். இராஜம்மாள் என்னும் பெயரில் தமிழ்ப் பெண்ணாகவே வாழ்ந்தார். பிள்ளைகளைப் பெற்று வளர்த்தார். மீண்டும் எந்தப் படத்திலும் நடிக்கவில்லை. தம் திரைவாழ்வைப் பற்றி வீட்டினரிடமும் அரிதாகவே பேசினார் என்பர்.

கேசவபிள்ளை நாயர் சமூகத்தவர் எனப் பதிவுகள் குறிக்கின்றன. ஆயின் இங்கு நிகழ்ந்தது ஆழ்ந்து நோக்கத்தக்கது. திரையில் சில நாழிகை நாயர் பெண்ணாகத் தோன்றியதற்காக வீட்டை இழந்தவர், பின்னர் அறுபதாண்டு அளவில் நாயர் குடும்பத்தின் மனைவியாகவும் தாயாகவும் வாழ்ந்தார். அயலவர்க்கு ஐயம் எழவில்லை. கேபிடல் அரங்கின் கூட்டம் இயலாதெனக் கூறியதை அவரது அன்றாட வாழ்க்கை இயலுமென மெய்ப்பித்தது. ஆனால் அதற்கு அவர் கொடுத்த விலை, தம் பெயரும் பிறப்பும் கலையும். அமெரிக்காவில் நிறம் வெளுத்த கறுப்பினத்தார் சிலர் வெள்ளையராக மறைந்து வாழ்ந்த வழக்கோடு இதனை ஒப்பிடலாம். 1934இல் வந்த இமிடேஷன் ஆஃப் லைஃப் படத்தில் அத்தகைய பெண்ணாக நடித்த ஃப்ரெடி வாஷிங்டன், தம் சொந்த வாழ்வில் கறுப்பினத்தவர் என்னும் அடையாளத்தை மறைக்க மறுத்தார். ரோசிக்கு அத்தகைய தேர்வு வாய்க்கவில்லை. மறைதலே அவருக்கு உயிர்காப்பு. 1988இல் அவர் இயற்கை எய்தினார்.

டேனியலும் அப்படத்தோடு வீழ்ந்தார். கடன் மிகுந்து, நிறுவனத்தை மூடி, பல்மருத்துவம் பயின்று தமிழகத்து ஊர்களில் தொழில்செய்து, மீண்டும் படத்துறையை நாடிப் பொருளிழந்து, அகஸ்தீஸ்வரத்தில் வறுமையில் 1975இல் இறந்தார். படத்தின் சுருளும் எஞ்சவில்லை.

வரலாற்றின் மௌனமும் மீட்பும்

மறக்கப்பட்டிருந்த டேனியலை 1960களில் திரைப்பட வரலாற்றாளர் சேலங்காட்டு கோபாலகிருஷ்ணன் தேடிக்கண்டு எழுதினார். நலிந்த கலைஞருக்கான கேரள அரசின் உதவித்தொகை டேனியலுக்குக் கிட்டவில்லை. தமிழ்நாட்டில் வாழ்பவர் என்பது அதற்குக் கூறப்பட்ட காரணம். மொழிவழி மாநில எல்லை, மலையாளத் திரையின் முன்னோடியை அயலாராக்கியது. இறந்தபின் அவருக்கு மலையாளத் திரையுலகின் தந்தை என்னும் பெருமை கிடைத்தது. 1992 முதல் அவர் பெயரால் கேரள அரசு விருது வழங்கிவருகிறது.

நாயகியின் மீட்பு இன்னும் காலந்தாழ்ந்தது. குன்னுகுழி எஸ். மணி முதலிய ஆய்வாளர்கள் 1970களிலிருந்து ரோசியைப் பற்றித் தகவல் திரட்டி எழுதினர். வினு ஆபிரகாமின் நஷ்டநாயிகா என்னும் புதினம் அவர் வாழ்வைப் பொருளாகக் கொண்டது. அதனையும் சேலங்காட்டு கோபாலகிருஷ்ணனின் எழுத்தையும் தழுவி, கமல் இயக்கத்தில் 2013இல் செல்லுலாய்ட் என்னும் படம் வெளிவந்தது. 2019இல் கேரளத் திரைத்துறைப் பெண்கள் தம் திரைப்படக் கழகத்துக்கு ரோசியின் பெயரைச் சூட்டினர். சென்னையிலும் அவர் பெயரால் திரைப்பட விழா நடத்தப்பட்டது. எனினும் அவருடையதெனக் கூறப்படுவது தெளிவற்ற ஓர் ஒளிப்படம் மட்டுமே.

டேனியல் உயிரோடிருந்தபோதே ஆய்வாளரால் சந்திக்கப்பட்டார். ரோசி 1988 வரை நாகர்கோவிலில் வாழ்ந்தும் அவர் வாய்மொழி விரிவாகப் பதிவாகவில்லை. அரங்கில் பார்வையாளர் மறுத்த இடத்தை வரலாற்றெழுத்தும் நெடுங்காலம் மறுத்தது. படைப்பாளரைத் தேடிச் சென்ற கண்கள் நடித்தவரைத் தேடவில்லை. இதனை ஆய்வுலகின் பார்வைக் குறையாகவே கொள்ளவேண்டும்.

முடிவுரை

ரோசியின் வாழ்விலிருந்து பெறப்படும் கருத்துகள் வருமாறு:

1. ரோசியின் மீது எழுந்த சினம் அவரது நடிப்பின் தரத்தைச் சார்ந்ததன்று. கீழிருந்து மேல்நோக்கி வேடம் புனைந்தமையே அதன் காரணம்.

2. திரையுருவில் சாதித் தடயம் இல்லாதபோதும் பார்வையாளர் தம் முன்னறிவால் சாதியைக் கண்டனர். எனவே திரைப்பட ஆய்வில் பனுவலை மட்டும் ஆராய்வது போதாது; அரங்கும் ஆராயப்பட வேண்டும்.

3. அமெரிக்க நிறவெறியும் திருவிதாங்கூர்ச் சாதியும் வேடத்தின் திசையைப் பொறுத்து ஒரே விதியைப் பின்பற்றின. எதிர்க்குரல் எழுப்பும் பார்வையாளர் திரள் இருந்ததா என்பதில் இரண்டும் வேறுபட்டன.

4. அரங்கில் தொடங்கிய மறுப்பு, ஊரிலும் ஆவணத்திலும் தொடர்ந்தது.

இவ்வாய்வு தமிழகக் களங்களுக்கும் விரிக்கத்தக்கது. பெரியபுராணம் நந்தனாரின் ஊராகக் கூறும் ஆதனூர் கொள்ளிடக் கரையைச் சார்ந்தது. அதே கொள்ளிடம் அரியலூர் மாவட்டத்தின் தென்னெல்லையாக ஓடுகிறது. அரியலூர், பெரம்பலூர் மாவட்டங்களில் நந்தனார் நாடகங்களையும் படங்களையும் யார் யார் எங்கு அமர்ந்து கண்டனர், அவ்வேடத்தை ஏற்க யாருக்கு இசைவு இருந்தது, தரைச்சீட்டும் நாற்காலிச்சீட்டும் கொண்ட கூடாரக் கொட்டகைகளில் சாதி எவ்வாறு அமர்ந்தது என்பனவற்றை முதியோரின் வாய்மொழியிலிருந்து இன்றும் திரட்ட இயலும். ரோசியின் வாய்மொழி தவறிப்போனது. கொட்டகையின் தரையில் அமர்ந்து படம் பார்த்த தலைமுறையின் வாய்மொழி இன்னும் சில ஆண்டுகளே கிடைக்கும். அதனை விரைந்து பதிவுசெய்வது தமிழாய்வாளரின் கடனாகும்.